எதிரித் தரப்பில் உட்கார்ந்து படிக்கட்டும்

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஒரு வீட்டுப் பெண் சட்டக் கல்லூரியில் சேர்ந்தால், வாழ்த்துச் சொன்ன கையோடு உறவினர்கள் ஒரு நிபந்தனையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். சிவில் பார், வங்கி வழக்கு பார், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் போடு, மாஜிஸ்திரேட் தேர்வு எழுது. கிரிமினல் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்காதே. கல்லூரி விடுமுறையில் ஸ்ரீவில்லிபுத்தூர் மாவட்ட நீதிமன்றத்தில் குற்றவியல் வழக்கறிஞர் ஒருவரிடம் தொழில் பழகப் போகிறேன் என்று அவள் சொன்னால் எதிர்ப்பு இன்னும் வலுக்கிறது. கொலை செய்தவனையும் கஞ்சா விற்றவனையும் குழந்தையைச் சிதைத்தவனையும் தப்பவைக்கும் வித்தையைத்தானே அங்கே சொல்லித் தருவார்கள் என்று கேட்கிறார்கள். இது வீட்டுத் திண்ணையோடு நிற்கும் கருத்து இல்லை. தொலைக்காட்சி விவாதங்களில் இது தினமும் ஒலிக்கிறது. கொடூரமான குற்றம் ஒன்று நடந்ததும் ‘இவனுக்கு யாரும் வாதாடக் கூடாது’ என்று வழக்கறிஞர் சங்கங்களே தீர்மானம் போடுகின்றன. இதன் அடியில் பாதிக்கப்பட்டவர்மேல் உண்மையான பரிவு இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. அந்தப் பரிவிலிருந்து எடுக்கப்படும் முடிவைத்தான் மறுக்கிறேன். எதிரித் தரப்பு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பு வழக்கறிஞரின் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளை குற்றத்துக்குத் துணைபோகப் படிக்கவில்லை. சான்றை உரசிப்பார்க்கப் படிக்கிறாள். அந்த உரசல் விசாரணையிலேயே நடக்காத வழக்கில் பாதிக்கப்பட்டவருக்கும் கடைசியில் நீதி கிடைப்பதில்லை. தமிழ்நாட்டில் அண்மைக் காலத்தில் நடந்தவையே இதற்குச் சாட்சி.

முதலில் அங்கே என்ன சொல்லித் தருகிறார்கள் என்று கிட்டப் போய்ப் பார்ப்போம். விருதுநகர் மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகம் விருதுநகரில் இருந்தாலும் முதன்மை மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். ராஜபாளையத்திலிருந்து அரைமணி நேரப் பேருந்துப் பயணம். ராஜபாளையம், சிவகாசி, சாத்தூர் பக்கத்து மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளில் தொடங்கும் கொலை, கொலை முயற்சி வழக்குகள் பெரும்பாலும் கமிட் ஆகி, அதாவது செஷன்ஸ் விசாரணைக்கு மாற்றப்பட்டு, இங்கே வந்து சேர்கின்றன. அப்படி வரும் அரிவாள் வெட்டு வழக்குக் கட்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் தகவல் அறிக்கை, பார்வை மகஜர், மாதிரி வரைபடம், பொருள் கைப்பற்றிய அத்தாட்சி, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 161-ஆம் பிரிவுப்படி போலீசார் பதிந்த சாட்சிகளின் வாக்குமூலங்கள், மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், காயச் சான்றிதழ், ஒப்புதல் வாக்குமூலத்தின் ஏற்கத்தக்க பகுதி எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். பழகிய சீனியர் முதலில் புரட்டுவது ஏ.ஆர். காப்பி என்று கோர்ட்டில் சொல்லும் அந்த விபத்துப் பதிவேட்டைத்தான். வெட்டுப்பட்டவர் மருத்துவமனைக்கு வந்தவுடன் பணியிலிருந்த டாக்டர் கேட்டு எழுதியது அது. போலீஸ் வந்து சேருமுன் பிறந்த ஆவணம். அதில் ‘தெரிந்த இரண்டு பேர்’ என்று இருந்து, சில மணி நேரம் கழித்துப் பதிவான முதல் தகவல் அறிக்கையில் ஏ1 முதல் ஏ6 வரை ஆறு பேர் வந்திருந்தால், நடுவில் சேர்ந்த நான்கு பேர் எங்கிருந்து வந்தார்கள் என்ற கேள்வி எழுகிறது. ஊர்ப் பகையில் அண்ணன், தம்பி, மச்சான் என்று குடும்பத்தையே வழக்கில் கோர்த்துவிடுவது நம் பக்கத்தில் யாருக்கும் புதிதில்லை.

அடுத்துப் பார்ப்பது முதல் தகவல் அறிக்கையின் ஓரத்தில் மாஜிஸ்திரேட் போட்ட கையெழுத்தை. குறிப்பாக அதன் கீழே எழுதிய தேதியையும் மணியையும். அறிக்கை உடனே மாஜிஸ்திரேட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது சட்டம். இரவு எட்டு மணிக்குப் பதிந்ததாகச் சொல்லும் அறிக்கை மறுநாள் மதியம்தான் கோர்ட்டுக்கு வந்ததென்றால் அந்த இடைவெளிக்கு விளக்கம் வேண்டும். 161 வாக்குமூலங்கள் எந்தத் தேதியில் கோர்ட்டுக்கு வந்தன, கைப்பற்றிய அரிவாள் எந்தத் தேதியில் வந்தது, ஒப்புதல் வாக்குமூலத்துக்கும் பொருள் கைப்பற்றியதற்கும் ஒரே கிராம நிர்வாக அலுவலர்தான் சாட்சியா என்று பார்வை நகர்கிறது. போலீஸ் காவலில் சொன்ன ஒப்புதல் செல்லாது. அதன்வழி பொருள் ஏதும் கண்டெடுக்கப்பட்டால் அந்த அளவுக்கு மட்டும் செல்லும். இது பழைய சாட்சியச் சட்டத்தில் 27-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தில் 23-ஆம் பிரிவின் கீழ் இருக்கிறது. பிரிவு எண்ணை மனப்பாடம் செய்ய வகுப்பறை போதும். ஒரு கட்டில் அந்தப் பிரிவு எங்கே உட்கார்ந்திருக்கிறது, எந்த வரியோடு போலீஸ் எழுதியது நின்று எங்கே சட்டம் அனுமதிக்கும் பகுதி தொடங்குகிறது என்று பென்சிலால் கோடு போடக் கற்க ஒரு சீனியரின் மேசை வேண்டும். இதில் எங்கே இருக்கிறது குற்றவாளியைத் தப்பவைக்கும் வித்தை? வெட்டியவர் உண்மையில் இரண்டு பேர் என்றால் அந்த இருவர்மேல் இருக்கும் சான்று இந்த உரசலில் மங்காது. சும்மா சேர்க்கப்பட்ட நால்வர் மட்டும் உதிர்வார்கள். இந்தப் பயிற்சி உள்ளவர் நாளைக்கு அரசு வழக்கறிஞர் ஆனாலும் மாஜிஸ்திரேட் ஆனாலும் பாதிக்கப்பட்டவருக்காக நின்றாலும் இதே கண்ணோடுதான் கட்டைப் புரட்டுவார்.

இனி, ‘சிலருக்கு மட்டும் யாரும் வாதாடக் கூடாது’ என்ற வாதத்தை எடுத்துக்கொள்வோம். 2018 ஜூலையில் சென்னை அயனாவரத்தில் காது கேளாத பதினோரு வயதுச் சிறுமியை அடுக்குமாடிக் குடியிருப்பில் வேலை பார்த்தவர்கள் பல மாதங்களாக வன்கொடுமை செய்தது வெளியே வந்தது. பதினேழு பேர் கைதானார்கள். நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தபோது வழக்கறிஞர்களே அவர்களை அடித்தார்கள்; யாரும் அவர்களுக்கு ஆஜராக மாட்டோம் என்ற அறிவிப்பும் வந்தது. அந்த நாளில் தமிழ்நாட்டில் அதற்குக் கைதட்டாதவர்கள் குறைவு. ஆனால் சட்டம் விடவில்லை, விசாரணை முறைப்படி நடந்தது. ஒருவர் விசாரணைக் காலத்திலேயே இறந்துபோனார். 2020 பிப்ரவரியில் போக்சோ நீதிமன்றம் மீதிப் பதினாறு பேரில் பதினைந்து பேரைத் தண்டித்தது. ஒருவரைக் குற்றவாளி இல்லை என்று விடுவித்தது. அடித்த கைகளுக்கு அந்த ஒருவர் யாரென்று தெரியாது, தெரிந்திருக்கவும் வழியில்லை. பதினேழு பேரையும் ஒரே கூட்டமாகத்தான் ஊர் பார்த்தது. பிரித்துப் பார்த்தது குறுக்கு விசாரணை. பதினைந்து பேருக்குக் கிடைத்த தண்டனை எவராலும் எளிதில் சந்தேகிக்க முடியாததாக இருக்கிறதென்றால், அவர்களுக்காகவும் ஒரு வழக்கறிஞர் எழுந்து நின்று கேட்க வேண்டியதைக் கேட்டார் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

கோவையில் நடந்தது இதற்கும் முந்தியது. வழக்கறிஞர் ஒருவருக்கும் போலீசாருக்கும் மூண்ட தகராறில் எதிரிகளான போலீசாருக்கு எங்கள் உறுப்பினர் யாரும் வாதாட மாட்டார் என்று அங்கே வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டது. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் போனபோது, 2010 டிசம்பரில் நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜுவும் ஞான் சுதா மிஸ்ராவும் இத்தகைய தீர்மானங்கள் நாடு முழுக்கச் செல்லாதவை என்றும் வழக்கறிஞர் தொழிலின் மரபுக்கே எதிரானவை என்றும் தீர்ப்பளித்தார்கள். தீர்ப்பு பிறந்தது தமிழ்நாட்டு வழக்கில். எட்டே ஆண்டில் அதைத் தலைநகரிலேயே மறந்தோம். இந்திய பார் கவுன்சிலின் நடத்தை விதியும் இதைத்தான் சொல்கிறது. எதிரி குற்றம் செய்தாரா என்பது பற்றி வழக்கறிஞரின் சொந்த எண்ணம் எதுவாக இருந்தாலும் அவருக்காக வாதாட வேண்டும். போதிய சான்றில்லாமல் எவரும் தண்டிக்கப்படக் கூடாது என்ற சட்டத்துக்கே வழக்கறிஞரின் விசுவாசம். சட்டப் படிப்பில் தொழில் நெறி என்று தனிப் பாடமே இருக்கிறது. அந்தப் பாடத்தில் மதிப்பெண் வாங்கிய பிள்ளையை அந்த நெறி நடக்கும் இடத்துக்குப் போகாதே என்று தடுப்பது எந்த வகை நியாயம்?

இதற்கு வரும் கனமான எதிர்வாதம் ஒன்று உண்டு. ‘விடுதலையான ஒருவரைப் பற்றிப் பேசுகிறீர்கள், தப்பிய குற்றவாளிகளைப் பற்றிப் பேசுங்கள். முகலிவாக்கம் சிறுமியின் வழக்கு என்ன ஆயிற்று?’ சரியான கேள்வி. 2017 பிப்ரவரியில் சென்னை போரூரை அடுத்த முகலிவாக்கத்தில் அந்தக் குழந்தை கொல்லப்பட்டாள். 2018 பிப்ரவரியில் செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் எதிரிக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. அதே ஆண்டு ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2025 அக்டோபர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. தமிழ்நாடே கொதித்தது.  ஆனால் நடந்ததைக் கவனியுங்கள். குற்றச்சாட்டு வனையப்பட்டபோது அந்த எதிரிக்கு வழக்கறிஞரே இல்லை. சட்ட உதவி வழக்கறிஞர் அமர்த்தப்பட்டது 2017 டிசம்பரில். கட்டைப் படித்து முடிக்கக்கூட நேரமில்லாமல் அடுத்த சில நாள்களில் சாட்சி விசாரணை தொடங்கியது. ஏறக்குறைய இரண்டு மாதத்தில் எல்லாம் முடிந்து தூக்கு. சிசிடிவி பதிவு, கைப்பற்றிய பொருள்கள், தடயவியல் அறிக்கை என்று அரசுத் தரப்பின் சங்கிலியில் எதுவும் சந்தேகத்துக்கு இடமின்றி நிறுவப்படவில்லை என்று உச்ச நீதிமன்றம் கண்டது.

அந்த ஓட்டைகள் 2025-இல் விழுந்தவையா? 2017-லேயே இருந்தவை. சிசிடிவி பதிவு எங்கே என்று விசாரணை நீதிமன்றத்தில் தயாரான ஒரு வழக்கறிஞர் எழுந்து கேட்டிருந்தால் அரசுத் தரப்பு அன்றைக்கே அதைக் கொண்டுவந்து முறையாக நிரூபித்தாக வேண்டும். சாட்சியைத் திரும்ப அழைக்கவும், விட்டுப்போன சான்றை முன்வைக்கவும், மேற்கொண்டு புலன்விசாரணை செய்யவும் சட்டத்தில் வழி இருந்தது. எட்டு ஆண்டு கழித்து எதையும் சரிசெய்ய வழியில்லை. ‘அப்படிக் கேட்டிருந்தால் 2018-லேயே விடுதலை ஆகியிருப்பாரே’ என்று சொல்லலாம். ஆகியிருக்கலாம், அல்லது ஓட்டை அடைபட்டுத் தண்டனை நிலைத்திருக்கலாம். எது நடந்திருந்தாலும் அந்தப் பெற்றோர் எட்டு ஆண்டுக்குப் பிறகு இப்படி ஒரு செய்தியைக் கேட்டிருக்க மாட்டார்கள். எதிரிக்கு வழக்கறிஞர் இல்லாமல் போனதால் அந்தக் குழந்தைக்கு நீதி கிடைத்துவிடவில்லை, கிடைக்காமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். மத்தியப் பிரதேசத்தின் அனோகிலால் வழக்கும் இதே வழியில் போனது. வழக்கறிஞரை அமர்த்திய அன்றைக்கே குற்றச்சாட்டு வனைந்து, பதினைந்து நாளுக்குள் 2013 மார்ச்சில் தூக்கு விதித்தார்கள். 2019-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. 2024-இல் விடுதலை. ஆயுள் தண்டனையோ மரண தண்டனையோ வரக்கூடிய வழக்குகளில் எதிரிக்காக நீதிமன்றம் அமர்த்தும் வழக்கறிஞருக்குக் குறைந்தது பத்தாண்டு அனுபவம் வேண்டும் என்று அந்த 2019 தீர்ப்பில்தான் சொன்னார்கள். பத்தாண்டு அனுபவமுள்ள எதிரித் தரப்பு வழக்கறிஞர் எங்கிருந்து வருவார்? இன்று கட்டைத் தூக்கிக்கொண்டு சீனியர் பின்னால் போகும் ஜூனியரிடமிருந்துதான். அந்த ஜூனியரைப் போகவிடாமல் வீட்டில் நிறுத்திவிட்டு, பத்தாண்டு கழித்து அனுபவசாலி கிடைக்கவில்லை என்று வருந்திப் பயனில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே பார்க்கலாம். 2018-இல் அருப்புக்கோட்டைக் கல்லூரி மாணவிகளை உதவிப் பேராசிரியை ஒருவர் தவறான வழிக்கு அழைத்ததாகப் பதிவான வழக்கு நாடறிந்தது. ஆளுக்கொரு தீர்ப்பைத் தொலைக்காட்சியிலேயே எழுதிவிட்டோம். 2024 ஏப்ரலில் ஸ்ரீவில்லிபுத்தூர் மகளிர் நீதிமன்றம் அந்த உதவிப் பேராசிரியையைக் குற்றவாளி என்று கண்டு பத்தாண்டுச் சிறை விதித்தது. உடன் எதிரிகளாக இருந்த இருவரைக் குற்றம் நிரூபணமாகவில்லை என்று விடுவித்தது. ஒரே கட்டு, ஒரே நீதிமன்றம், மூன்று பேருக்கும் வழக்கறிஞர்கள் இருந்தார்கள். முடிவு ஆளுக்கு ஆள் மாறியது. வழக்கறிஞர் வைத்தால் தப்பிவிடலாம் என்பதும், வழக்கு போட்டாலே குற்றவாளிதான் என்பதும் இந்த ஒரு தீர்ப்பின் முன்னால் நிற்கவில்லை. அந்த விசாரணையைப் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்ட மாணவி ஒருத்தி இருந்திருந்தால் அவளுக்குக் கிடைத்திருக்கக்கூடிய படிப்பை எந்தக் கல்லூரியும் தர முடியாது.

‘யாரும் வாதாடக் கூடாது’ என்ற எண்ணம் எவரைத் தொடுகிறது, எவரைத் தொடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அமைச்சர்கள் இருவர்மேல் இருந்த சொத்துக்குவிப்பு வழக்குகள் இதே ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் நடந்தன. 2022 டிசம்பரிலும் 2023 ஜூலையிலும் அவர்கள் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள். உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அதை எடுத்து 2024 ஆகஸ்டில் ரத்துசெய்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. அதன் நியாய அநியாயம் இங்கே பேச்சில்லை. வசதியும் செல்வாக்கும் உள்ளவர்களுக்கு ஒவ்வொரு படியிலும் மிகச் சிறந்த வழக்கறிஞர்கள் நின்றார்கள். நிற்பது அவர்கள் உரிமை. சமூகத்தின் முகச்சுளிப்பு அவர்களை ஒன்றும் செய்யாது. அது போய்ச் சேர்வது பட்டாசு ஆலையின் போர்மேனிடம். சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் வெடிவிபத்து நடந்ததும் போடும் வழக்கில் உரிமையாளர் பெயரோடு போர்மேன் பெயரும் மேற்பார்வையாளர் பெயரும் சேர்ந்தே வரும். பல நேரங்களில் முதலில் பிடிபடுவது அவர்தான். உரிமம் ஒருவர் பெயரில், நடத்துவது உள்குத்தகைக்கு எடுத்த இன்னொருவர், அளவுக்கு மீறி மருந்து கலக்கச் சொன்னது மூன்றாவது ஒருவர் என்றிருக்கும் ஆலையில் யார் பொறுப்பு என்பதைப் பிரித்துக் காட்ட அந்தத் தொழில் தெரிந்த வழக்கறிஞர் வேண்டும். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததுபோன்ற விபத்துகளில் போர்மேன் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டால் உண்மையான பொறுப்பாளிக்குத்தான் லாபம். இறந்தவர்களின் குடும்பத்துக்கு இல்லை. மருந்து அறைக்கும் காயவைக்கும் மேடைக்கும் என்ன வேறுபாடு என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்த இந்த மாவட்டத்துப் பிள்ளையைவிட இந்த வழக்கை நடத்தப் பொருத்தமானவர் யார்?

சிறைகளின் கணக்கும் இதையே காட்டுகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கைப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் 75.8 விழுக்காட்டினர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர்மேல் குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. அறுபது நாளிலோ தொண்ணூறு நாளிலோ குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும். அதற்கும் யாராவது நாளை எண்ணி மனு போட வேண்டும். 2020 ஜூனில் சாத்தான்குளத்துத் தந்தையும் மகனும் போலீஸ் அடியில் குலைந்த உடலோடு ரிமாண்டுக்குக் கொண்டுபோகப்பட்டு, கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டு, சில நாளில் இறந்தார்கள். ரிமாண்ட் என்பது சில நிமிடச் சடங்காகிவிட்ட நாட்டில், அந்தச் சில நிமிடத்தில் ‘சட்டையைக் கழற்றிப் பாருங்கள் ஐயா’ என்று மாஜிஸ்திரேட்டிடம் சொல்லும் குரல் ஒன்று வேண்டும். அந்தக் குரலுக்குப் பயிற்சி வேண்டும்.

வரலாற்றிலும் நமக்கு இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வ. உ. சிதம்பரனாரைக் கப்பலோட்டியவராகக் கொண்டாடுகிறோம். அவர் முதலில் ஒட்டப்பிடாரத்தில் குற்றவியல் வழக்கு நடத்திய வக்கீல். ஏழைகளுக்காகப் போலீசாரைப் பகைத்துக்கொண்டு வாதாடியவர். 1908-இல் அவரே எதிரியாகத் திருநெல்வேலியில் நின்றபோது நீதிபதி பின்ஹே நாற்பதாண்டுத் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. 1911-இல் கலெக்டர் ஆஷ் கொலை வழக்கின் எதிரிகளுக்காக நின்றவர்களில் தங்குதூரி பிரகாசமும் ஒருவர். பின்னாளில் அவர் சென்னை மாகாணப் பிரதமரானார்.  ‘அவர்கள் தேசபக்தர்களுக்கு வாதாடினார்கள்’ என்று பதில் வரும். இன்று நாம் சொல்கிறோம். அன்றைய அரசின் பார்வையில் அவர்கள் கலெக்டரைக் கொல்லச் சதி செய்தவர்கள். எந்த எதிரி நாளைக்கு எப்படி அறியப்படுவார் என்று வழக்கறிஞர் முன்கூட்டிப் பார்த்துக் கட்டை வாங்க முடியாது.

கல்வித் தரப்பிலிருந்து ஒரு மறுப்பு உண்டு. மதுரையிலும் திருநெல்வேலியிலும் அரசு சட்டக் கல்லூரிகள் இருக்கின்றன, மாதிரி நீதிமன்றம் நடக்கிறது, பட்டம் பெற்றபின் அகில இந்திய வழக்கறிஞர் தேர்வு வேறு இருக்கிறது. கோர்ட் வாசலில் எதற்கு வெயில் காய வேண்டும் என்பது. ஆனால் ஒரு காலத்தில் சட்டம் படித்தவர் சீனியரிடம் பயிற்சி முடித்த பிறகே வழக்கறிஞராகப் பதிய முடிந்தது. 1973-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அது போனது. 1995-இல் பார் கவுன்சில் ஓராண்டுப் பயிற்சியைத் திரும்பக் கொண்டுவந்தது. 1999-இல் சுதீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்குப் பார் கவுன்சிலுக்கு அதிகாரமில்லை என்றது. 2023 பிப்ரவரியில் அரசியல் சாசன அமர்வு அகில இந்தியத் தேர்வு செல்லும் என்று தீர்ப்பளித்தபோது சுதீர் வழக்கின் தீர்ப்பு தவறென்றும் சொன்னது. ஐம்பது ஆண்டாக நாடு இந்தக் கேள்வியைச் சுற்றிச்சுற்றி வந்திருக்கிறது. இடையில் 2008 விதிகள் மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம், ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம் என்று களப் பயிற்சியைக் கட்டாயமாக்கின. நடப்பில் பலருக்கு அது லெட்டர்பேடில் வாங்கும் ஒரு சான்றிதழ். மாதிரி நீதிமன்றத்தில் பிரச்சினை தாளில் அச்சடித்து வருகிறது. உண்மைகள் முன்பே தீர்மானமானவை. வாதம் பெரும்பாலும் மேல்முறையீட்டு வாதம். சாட்சி பயந்து திணறுவதும், புலனாய்வு அதிகாரி நாட்குறிப்பைப் புரட்டுவதும், கேட்கக் கூடாத ஒரு கேள்வியைக் கேட்டதால் வழக்கே கவிழ்வதும் அங்கே நடக்காது. எப்போது கேட்க வேண்டும் என்பதோடு எப்போது உட்கார்ந்துவிட வேண்டும் என்பதும் குறுக்கு விசாரணையில் பாதி. இதை வேறொருவர் செய்யக் கண்டுதான் கற்க முடியும். நீச்சலைப் புத்தகத்தில் கற்றவர் எவருமில்லை.

‘சீனியர்கள் நல்லதையா சொல்லித் தருகிறார்கள்?’ என்பது நேர்மையான ஐயம். வாய்தா மேல் வாய்தா வாங்கி வழக்கை இழுப்பது, சாட்சியை வழியில் மடக்கிப் பிறழ வைப்பது, சாதியக் கொடுமை வழக்குகளில் ஊர்ப் பெரியவர்களை வைத்துச் சமாதானம் பேசுவது எல்லாம் நடக்கின்றன. இவற்றை வாதாடுதல் என்ற பெயரில் மூட எனக்கு மனமில்லை. இவை குற்றங்கள், இவற்றைச் செய்பவரிடம் எந்தப் பிள்ளையும் பழகக் கூடாது. ஆனால் இதைச் சொல்பவர்கள் அடுத்து எடுக்கும் முடிவுதான் புரியவில்லை. நெறியோடு வளர்ந்த பிள்ளைகள் எல்லோரும் விலகிக்கொண்டால் அந்த இடம் யாருக்குப் போகும்? குறுக்கு விசாரணையில் நம்பிக்கை உள்ள வழக்கறிஞருக்குச் சாட்சியைப் பிறழ வைக்கத் தேவையில்லை. கட்டைப் படித்தவருக்கு வாய்தாவும் தேவையில்லை. தொழில் தெரியாதவர்தான் இந்தக் குறுக்குவழிகளில் அதிகம் இறங்குகிறார். பெண் பிள்ளைகளின் பாதுகாப்பு, இரவு நேரம், அலுவலகச் சூழல் என்று பெற்றோர் கேட்பதும் நியாயம்தான். அதற்கு மருந்து, பயிற்சி யாரிடம், எங்கே, எத்தனை மணிவரை என்பது ஏட்டில் பதிந்த ஏற்பாடாக இருப்பது. வீட்டோடு நிறுத்துவது மருந்தாகாது. வருமானம் பற்றியும் பேச வேண்டும். சம்பளமில்லாமல் வேலை வாங்கும் வழக்கத்தால் வசதியற்ற வீட்டுப் பிள்ளைகள்தான் முதலில் விலகுகிறார்கள். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறையாமல் உதவித்தொகை தர வேண்டும் என்றது. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் எத்தனை சேம்பர்களில் இந்தத் தொகை கைக்கு வருகிறது என்று வழக்கறிஞர் சங்கங்கள் முதலில் தங்களுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வேண்டிய அமைப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தலைவர் மாவட்ட நீதிபதியேதான். வழக்கறிஞர் வைக்க வழியில்லாத எதிரிக்கு அரசுச் செலவில் வழக்கறிஞர் தருவது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற இன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 341-ஆம் பிரிவுப்படி கடமை. 2022-இல் தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வகுத்த திட்டத்தின்படி பல மாவட்டங்களில் எதிரித் தரப்புக்கென்றே முழுநேர வழக்கறிஞர்கள் அமர்த்தப்பட்டிருக்கிறார்கள். மதுரை, திருநெல்வேலிக் கல்லூரிகளில் படிக்கும் இந்த மாவட்டத்துப் பிள்ளைகளைக் கட்டாயக் களப் பயிற்சி வாரங்களில் இங்கேயே, இத்தகைய வழக்கறிஞர்களின் கீழ் அமர்த்தலாம். ஒரு மாணவிக்கு ஒரே ஒரு வழக்கு. ரிமாண்டில் தொடங்கி ஜாமீன் மனு, நகல் வழங்கல், குற்றச்சாட்டு, சாட்சி விசாரணை, தீர்ப்பு வரை. நான்கு வாரத்தில் எந்த வழக்கும் முடியாது, ஆகவே அதே கட்டை அடுத்த ஆண்டு விடுமுறையிலும் அவள் கையில் தர வேண்டும். பயிற்சிக் குறிப்பேட்டில் சீனியரோடு நீதிமன்ற அலுவலர் ஒருவரும் கையெழுத்திட வேண்டும். வழக்கு பாதிக்கப்பட்ட பெண்ணையோ குழந்தையையோ பற்றியதாக இருந்தால் அவர்களின் அடையாளத்தைக் காப்பதற்கான உறுதிமொழியை முதல் நாளே எழுதி வாங்க வேண்டும். இதற்குப் புதுச் சட்டமோ தனி நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. மாவட்ட நீதிபதி, இரண்டு கல்லூரி முதல்வர்கள், இரண்டு ஊர் வழக்கறிஞர் சங்கங்கள் கூடி முடிவெடுத்தால் அடுத்த கோடை விடுமுறையிலேயே தொடங்கிவிடலாம்.